ஏற்பிகளும் மூளைப் பரவலும்: மார்பகப் புற்றுநோயில் விதையும் நிலமும்

ஆய்வுச் சுருக்கம்

மார்பகப் புற்றுநோய் உறுதியானவுடன் கட்டியின் திசுவில் மூன்று ஏற்பிகள் சோதிக்கப்படுகின்றன. எந்த மருந்து பயன்தரும் என்பதை அறியவே இச்சோதனை தோன்றியது. எனினும், நோய் மூளைக்குப் பரவும் வாய்ப்பையும் அது பரவும் காலத்தையும் இதே முடிவு ஓரளவு முன்னறிவிக்கிறது. ஹெர்-2 ஏற்பி மிகுந்த வகையும், மூன்று ஏற்பிகளும் இல்லாத வகையும் மூளையை ஏன் மிகுதியாக நாடுகின்றன, மூளையை அடைந்த கட்டியின் ஏற்பிகள் ஏன் முதற்கட்டியின் ஏற்பிகளிலிருந்து வேறுபடுகின்றன ஆகிய வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. மருந்தைத் தடுக்கும் இரத்த–மூளைத் தடுப்பு மட்டுமே இதற்குக் காரணம் என்னும் பரவலான விளக்கம் போதுமானதன்று என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: மார்பகப் புற்றுநோய், மூளைப் பரவல், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ஹெர்-2, மூவெதிர்மறை வகை, இரத்த–மூளைத் தடுப்பு.

முன்னுரை

மார்பகத்தில் தோன்றும் கட்டி, மார்பகத்திலேயே நின்றுவிடுமானால் உயிரைப் பறிப்பதில்லை. எலும்பு, கல்லீரல், நுரையீரல், மூளை ஆகிய உறுப்புகளுக்குப் பரவும்போதே அது உயிர்க்கொல்லி ஆகிறது. இப்பரவல் தற்செயலானதா, ஒழுங்குக்கு உட்பட்டதா என்னும் வினாவை முதன்முதலில் முறையாக எழுப்பியவர் இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுக் குறிப்புகளை அவர் தொகுத்து ஆராய்ந்து, 1889இல் 'தி லான்செட்' இதழில் வெளியிட்டார். இரத்த ஓட்டம் மட்டுமே பரவலைத் தீர்மானிக்கிறது என்றால், நிறைய இரத்தம் பெறும் மண்ணீரலிலும் கல்லீரலுக்கு ஒப்பாகக் கட்டிகள் தோன்றியிருக்க வேண்டும். அவ்வாறு தோன்றவில்லை. விதை எத்திசையிலும் வீசப்படலாம். ஏற்ற நிலத்தில் விழுந்தால்தான் முளைக்கும் என்று பேஜட் விளக்கினார். இதற்கு மாறாக, அமெரிக்க நோய்க்கூற்றியலாளர் ஜேம்ஸ் யூயிங் 1920களில் இரத்தக் குழாய்களின் அமைப்பே போதிய விளக்கம் என்று வாதிட்டார். ஐசயா ஃபிட்லர் 1970களிலும் 1980களிலும் எலிகளில் நிகழ்த்திய ஆய்வுகளே பேஜட்டின் கருத்துக்கு மீண்டும் உயிரூட்டின.

விதை, நிலம் என்னும் இவ்வுவமை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வழங்கிவந்தாலும், விதையின் எந்தப் பண்பு எந்த நிலத்தை நாடுகிறது என்று திட்டவட்டமாகக் கூறும் வாய்ப்பு அண்மைக் காலத்தில்தான் கிட்டியது. மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை அவ்வாய்ப்பை அளித்தவை ஏற்பிகள்.

மூன்று ஏற்பிகள்

ஏற்பி என்பது குறிப்பிட்ட ஒரு வேதிச் செய்தியைப் பற்றிக்கொண்டு, அதற்கேற்ப உயிரணுவைச் செயற்படுத்தும் புரதம். மார்பகக் கட்டியில் வழக்கமாகச் சோதிக்கப்படும் மூன்றனுள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் புரோஜெஸ்டிரான் ஏற்பியும் ஹார்மோன் ஏற்பிகள். இவை பெரும்பாலும் உயிரணுவின் கருவுக்குள் இருந்து மரபணுக்களை நேரடியாக இயக்குபவை. மூன்றாவதான ஹெர்-2, உயிரணுவின் மேலுறையில் பதிந்திருக்கிறது.

ஹார்மோன் ஏற்பிகளின் வரலாறு ஏற்பி என்னும் சொல் மருத்துவத்தில் வழக்கூன்றுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. முற்றிய மார்பகப் புற்றுநோய் உடைய பெண்களின் சூலகங்களை அகற்றினால் கட்டி சுருங்குவதை கிளாஸ்கோ மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896இல் பதிவு செய்தார். சிலருக்கு மட்டும் ஏன் பயன் கிடைக்கிறது என்பது அவருக்கு விளங்கவில்லை. சிகாகோவில் எல்வுட் ஜென்சன் 1950களின் இறுதியில் கதிரியக்கக் குறியிட்ட ஈஸ்ட்ரோஜனைப் பயன்படுத்தி, அதைப் பற்றிக்கொள்ளும் புரதம் சில திசுக்களில் மட்டும் இருப்பதைக் காட்டியபோது விடை கிடைத்தது. ஏற்பி இருந்த கட்டியே சூலக நீக்கத்துக்குப் பணிந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை மறிக்கும் டமாக்ஸிஃபென் மருந்துக்கு அமெரிக்காவில் 1977இல் ஒப்புதல் கிடைத்தது.

ஹெர்-2 வேறொரு வழியாக வந்தது. டென்னிஸ் ஸ்லாமனும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் 189 கட்டிகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 30 விழுக்காட்டில் ஹெர்-2 மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பதையும், அத்தகைய நோயாளிகள் விரைவில் இறப்பதையும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். இன்றைய அளவுகோல்களின்படி இவ்விகிதம் 15 முதல் 20 விழுக்காடு. ஹெர்-2 ஏற்பிக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. தனக்கென்று ஒரு வேதிச் செய்தியை அது பெறுவதாகத் தெரியவில்லை. தன் குடும்பத்தைச் சேர்ந்த மற்ற ஏற்பிகளுடன், குறிப்பாக ஹெர்-3 உடன், இணை சேர்ந்தே அது வலுவாகச் செயற்படுகிறது. மூளைப் பரவலில் இவ்விணைப்பு முக்கியமாகிறது என்பது பின்னர் விளக்கப்படும்.

மூன்று சோதனைகளும் எதிர்மறையாக அமையும் கட்டியை மருத்துவர்கள் 'ட்ரிப்பிள் நெகட்டிவ்' என்பர். இக்கட்டுரையில் அது மூவெதிர்மறை வகை எனப்படுகிறது. இப்பெயர் கட்டி எதுவென்று கூறாமல் எது இல்லையென்று மட்டுமே கூறுகிறது என்பதையும் கருத வேண்டும். பல வேறு நோய்கள் இவ்வொரு பெயருக்குள் அடங்கியுள்ளன. மேலை நாடுகளில் மார்பகப் புற்றுநோய்களுள் இவ்வகை 10 முதல் 15 விழுக்காடு. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டவர்களோ கால்பங்குக்கும் மேல் எனக் காட்டியுள்ளனர். இந்திய நோயாளிகள் ஒப்பீட்டளவில் இளையவர்களாக இருப்பதும், நோய் முற்றிய நிலையில் கண்டறியப்படுவதும் இவ்வேறுபாட்டுக்குக் கூறப்படும் காரணங்களுள் சில. காரணம் எதுவாயினும், மூளைப் பரவல் குறித்த ஆய்வு இங்குள்ள மருத்துவத்துக்குப் புறம்பான ஒன்றன்று.

எவ்வகை மூளையை நாடுகிறது?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஹேகன் கென்னெக்கியும் குழுவினரும் நிகழ்த்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கு இன்றும் சிறந்த சான்று. தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய் உடைய 3,726 பெண்களின் சேமிக்கப்பட்ட திசுக்களை ஏற்பிகளின் அடிப்படையில் வகைப்படுத்தி, நோய் எங்கெங்குப் பரவியது என்பதை அவர்கள் பின்தொடர்ந்தனர். தொலை உறுப்புகளுக்கு நோய் பரவியவர்களுள், ஹார்மோன் ஏற்பி உடைய மெதுவாகப் பெருகும் வகையில் 7.6 விழுக்காட்டினருக்கு மூளையில் கட்டி தோன்றியது. ஹார்மோன் ஏற்பி இன்றி ஹெர்-2 மட்டும் மிகுந்த வகையில் இது 28.7 விழுக்காடு, மூவெதிர்மறையின் பெரும்பிரிவாகிய அடித்தள வகையில் 25.2 விழுக்காடு. எலும்பைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ்: ஹார்மோன் ஏற்பி உடைய கட்டிகளே எலும்பை மிகுதியாக நாடின.

இவ்வாய்வில் எளிதில் கவனத்தினின்று நழுவும் ஒரு செய்தி உண்டு. இப்பெண்கள் 1986 முதல் 1992 வரை நோய் கண்டறியப்பட்டவர்கள். அப்போது ஹெர்-2 ஏற்பியைத் தாக்கும் மருந்து எதுவும் வழக்கில் இல்லை. 'ஹெர்-2 நோயாளிகள் புதிய மருந்துகளால் நெடுநாள் வாழ்கின்றனர். அதனால்தான் மூளைக்குப் பரவ நோய்க்கு நேரம் கிடைக்கிறது' என்பது அடிக்கடி கேட்கப்படும் விளக்கம். இவ்விளக்கத்தில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. மேற்கண்ட ஆய்வில் ஹெர்-2 மிகுந்த வகையினர் பரவலுக்குப் பின் வாழ்ந்த இடைநிலைக் காலம் 0.7 ஆண்டு மட்டுமே. ஹார்மோன் ஏற்பி உடைய மெதுவான வகையினரோ 2.2 ஆண்டு வாழ்ந்தனர். மூன்றில் ஒரு பங்கு காலமே வாழ்ந்தவர்களிடம் மூளைப் பரவல் ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்ததெனில், அது வாழ்நாள் நீண்டதன் விளைவாக இருக்க இயலாது. ஹெர்-2 மிகுந்த உயிரணுவிடமே மூளையை நோக்கிய நாட்டம் உள்ளது என்றே கொள்ள வேண்டும்.

பரவும் காலமும் வகைக்கு வகை மாறுபடுகிறது. மூவெதிர்மறை வகையில் நோய் மீளும் ஆபத்து முதல் சில ஆண்டுகளில் உச்சத்தை அடைந்து பின்னர் விரைந்து குறைகிறது. மூளைப் பரவலும் அவ்வாறே முன்கூட்டி நிகழ்கிறது. ஹெர்-2 வகையில் சிகிச்சைக் காலம் முழுவதும் ஆபத்து தொடர்கிறது. ஹார்மோன் ஏற்பி வகையில் மூளைப் பரவல் அரிது; நிகழுமாயின் பல ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் பிற உறுப்புகளுக்குப் பின்னரே நிகழ்கிறது.

டிராஸ்டுசுமாப் காட்டிய முரண்

ஹெர்-2 ஏற்பியின் வெளிப்பகுதியைப் பற்றிக்கொள்ளும் டிராஸ்டுசுமாப் என்னும் ஆன்டிபாடிக்கு 1998இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. மார்பகப் புற்றுநோய் மருத்துவத்தின் பெருவெற்றிகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது; 2014இல் இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட அதன் ஒத்த வடிவமும் சந்தைக்கு வந்தது. ஆனால் அவ்வெற்றியின் ஊடே ஒரு முரண் தலைகாட்டியது. பாஸ்டனில் டிராஸ்டுசுமாப் பெற்ற 122 பெண்களின் பதிவுகளை பெண்டெல் குழுவினர் 2003இல் வெளியிட்டனர். அவர்களுள் 34 விழுக்காட்டினருக்கு மைய நரம்பு மண்டலத்தில் நோய் தோன்றியிருந்தது. அதனினும் கவலைக்குரியது, அவர்களுள் பாதிப் பேருக்கு அந்நேரத்தில் உடலின் பிற பகுதிகளில் நோய் கட்டுக்குள் இருந்தது என்பதே. கல்லீரலிலும் நுரையீரலிலும் கட்டி சுருங்கிக்கொண்டிருக்கையில் மூளையில் புதிதாக வளர்ந்தது.

இம்முரண் இன்றும் தீரவில்லை. அறுவைக்கு முன் மருந்து பெற்றும் நோய் எஞ்சிய 1,486 ஹெர்-2 நோயாளிகளை உள்ளடக்கிய கேத்தரின் என்னும் மருந்துச் சோதனையின் முடிவுகள் 2019இல் வெளியாயின. டிராஸ்டுசுமாப்புடன் நச்சுமருந்தை இணைத்த டி-டிஎம்1, தனி டிராஸ்டுசுமாப்பைக் காட்டிலும் நோய் மீளும் ஆபத்தைப் பாதியாகக் குறைத்தது. ஆயினும் முதல் மீள்வு மைய நரம்பு மண்டலத்தில் நிகழ்ந்தவர்கள் டி-டிஎம்1 குழுவில் 5.9 விழுக்காடு, தனி டிராஸ்டுசுமாப் குழுவில் 4.3 விழுக்காடு. உடல் முழுவதும் பயன்தந்த மருந்து மூளைக்கு மட்டும் காப்பளிக்கவில்லை.

தடுப்பின் இயல்பு

இதற்கு முதலில் கூறப்பட்ட விளக்கம் இரத்த–மூளைத் தடுப்பு. பால் எர்லிக் 1885இல் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் செலுத்தியபோது மூளையைத் தவிர மற்ற உறுப்புகள் நிறமேறின. மூளைக்குச் சாயத்தின்மீது நாட்டமில்லை என்றே எர்லிக் கருதினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் மூளையைச் சூழ்ந்த நீரில் நேரடியாகச் சாயம் செலுத்தினார். இம்முறை மூளை நிறமேறியது, மற்ற உறுப்புகள் நிறமேறவில்லை. இடையில் ஒரு தடுப்பு இருப்பது இதனால் உறுதியாயிற்று. மூளையின் நுண்குழாய்களில் உட்சுவர் உயிரணுக்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்துள்ளன. அவற்றைச் சுற்றிப் பெரிசைட் என்னும் உயிரணுக்களும், ஆஸ்ட்ரோசைட் எனப்படும் உடுவடிவ உயிரணுக்களின் பாத முனைகளும் அமைந்துள்ளன. போதாக்குறைக்கு, உள்ளே நுழைந்த பல மருந்துகளை மீண்டும் இரத்தத்துக்கே வெளியேற்றும் புரதங்களும் அச்சுவரில் உண்டு.

டிராஸ்டுசுமாப்பின் எடை ஏறத்தாழ 148 கிலோடால்டன். இயல்பாகத் தடுப்பைக் கடக்கும் சிறு மூலக்கூறுகளோ பெரும்பாலும் அரைக் கிலோடால்டனுக்கும் குறைந்தவை. மூளைப் பரவல் உடைய நோயாளிகளிடம் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அளந்தபோது, இரத்தத்தில் 420 பங்கு மருந்து இருந்தால் மூளைத் தண்டுவட நீரில் 1 பங்கே இருந்தது. கதிர்வீச்சுக்குப் பின் இவ்விகிதம் 76க்கு 1 எனக் குறைந்தது. நோய் மூளை உறைகளைத் தாக்கியிருந்தவர்களிடம் 49க்கு 1.

இவ்வெண்கள் தெளிவானவை, ஆனால் அவற்றிலிருந்து பெறப்பட்ட முடிவு பிழைபட்டது எனலாம். தண்டுவட நீரின் அளவு, கட்டிக்குள் உள்ள மருந்தின் அளவாகாது. கட்டி வளர்ந்த இடத்தில் தடுப்பு சிதைகிறது. மாறுநிறப் பொருள் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி ஒளிர்வதே அங்குத் தடுப்பு கசிவதனால்தான். கதிரியக்கக் குறியிட்ட டிராஸ்டுசுமாப்பைச் செலுத்தி எடுக்கப்பட்ட பெட் படங்களிலும் மூளைக் கட்டிகள் அதனை ஏற்பது காணப்பட்டது. எனவே மருந்து செல்லவே இல்லை என்பதன்று. சீராகச் செல்லவில்லை என்பதே உண்மை. எலிகளில் பால் லாக்மன் குழுவினர் 2010இல் காட்டியவாறு, ஒரே மூளையிலுள்ள கட்டிகளுள்ளும், ஒரே கட்டியின் பகுதிகளுள்ளும் கசிவின் அளவு பெரிதும் வேறுபடுகிறது. மிகுதியாகக் கசியும் சிறுபான்மைக் கட்டிகளில் மட்டுமே மருந்து கொல்லும் அளவை எட்டியது. கண்ணுக்குப் புலப்படாத நுண்கட்டிகளிலோ தடுப்பு பெரிதும் சிதையாமல் நிற்கிறது. நோயைத் தடுக்க வேண்டிய கட்டத்தில்தான் சுவர் மிக வலுவாக உள்ளது. கேத்தரின் சோதனையின் முடிவை இவ்வாறு விளங்கிக்கொள்ள இடமுண்டு.

ஆங்கில மருத்துவ எழுத்துகளில் மூளையைப் புற்றுநோயின் 'சரணாலயம்' என்னும் பொருள்படக் குறிப்பது வழக்கம். இச்சொல் மூளையை வெறும் ஒளிவிடமாகக் கற்பிக்கிறது. மூளை கட்டியை ஒளித்து வைப்பதோடு நிற்கவில்லை. அதனோடு உரையாடுகிறது, அதனை மாற்றுகிறது. பேஜட்டின் நிலம் என்னும் சொல்லே இங்குப் பொருத்தமானது.

மூளை என்னும் நிலம்

தடுப்பைக் கடக்கும் கட்டத்திலேயே ஏற்பிகளின் பங்கு தொடங்குகிறது. ஜோன் மசாகே குழுவினர் 2009இல், மூளையை நாடும் மார்பகப் புற்று உயிரணுக்களில் மிகுந்து செயற்படும் மரபணுக்களை இனங்கண்டனர். அவற்றுள் ஒன்று ஹெர்-2இன் குடும்பத்தைச் சேர்ந்த இ.ஜி.எஃப். ஏற்பியைத் தூண்டும் செய்திப் புரதம். மற்றொன்று, இயல்பாக மூளையில் காணப்படுவதும் உயிரணுவின் மேற்பரப்பில் சர்க்கரையைச் சேர்ப்பதுமான ஒரு நொதி. மூளைக்குரிய அணிகலனைப் பூண்டு புற்று உயிரணு உள்ளே நுழைகிறது.

நுழைந்த உயிரணுக்களுள் மிகப் பெரும்பாலானவை அழிகின்றன. காயத்துக்கு எதிர்வினையாற்றும் ஆஸ்ட்ரோசைட்கள் அவற்றைக் கொல்லும் புரதங்களை உண்டாக்குகின்றன. அத்தாக்குதலை முறியடிக்கும் தடுப்பான்களைச் சுரக்கும் சில உயிரணுக்களே பிழைத்து, நுண்குழாயின் புறச்சுவரைப் பற்றிப் படர்கின்றன. அவ்வாறு பிழைத்தவை ஆஸ்ட்ரோசைட்களுடன் நேரடி வாயில்களை அமைத்துக்கொண்டு, பகைவராக இருந்தோரையே துணைவராக்கிக்கொள்வதை மசாகே குழுவினரின் பிற்கால ஆய்வுகள் காட்டின.

இந்நிலத்தில் ஹெர்-2 மிகுந்த விதைக்குத் தனிச் சலுகை உண்டு. டயான் பால்மியெரி குழுவினர் 2007இல், மூளையை நாடும் ஒரே உயிரணு வகையில் ஹெர்-2 அளவை மட்டும் உயர்த்தி எலிகளில் செலுத்தினர். மூளையில் பெரிய கட்டிகளின் எண்ணிக்கை கூடியது. காரணம் மூளையின் இயல்பிலேயே உள்ளது. ஹெர்-3 ஏற்பியைத் தூண்டும் நியூரெகுலின் என்னும் புரதம் நரம்பணுக்களின் வளர்ச்சிக்கும் இணைப்புக்கும் இன்றியமையாதது. மூளையில் அது நிறையவே உண்டு. ஹெர்-2 தன் இணையாகிய ஹெர்-3 வழியாக இச்செய்தியைப் பெறுகிறது. மார்பகத்தில் அரிதாகக் கிடைத்த உணவு மூளையில் தாராளமாகக் கிடைக்கிறது எனலாம். மூளைக் கட்டிகளில் ஹெர்-3 உயர்ந்திருப்பதும், அதுவே பி.ஐ.3கே. தடுப்பு மருந்துகளுக்குக் கட்டி பணியாமைக்குக் காரணமாவதும் பாஸ்டன் ஆய்வாளர்களால் 2017இல் எலிகளில் காட்டப்பட்டன. கவனிக்க வேண்டியது என்னவெனில், இங்கு மருந்து கட்டியை அடைந்த பின்னரும் தோற்கிறது. தடுப்புச் சுவரை மட்டும் காரணமாகக் கூறுவோர் இச்சான்றுக்கு விடை கூற வேண்டும்.

மூவெதிர்மறை வகைக்கு இவ்வழி இல்லை. அது வேறு வழிகளைக் கையாள்கிறது. டக்ளஸ் ஹனஹன் குழுவினர் 2019இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு வியப்பளிப்பது. மூளையை அடைந்த மார்பகப் புற்று உயிரணுக்கள் இரு நரம்பணுக்கள் சந்திக்கும் இணைப்பில், ஆஸ்ட்ரோசைட்டுக்கு உரிய இடத்தில் தம் நீட்சிகளைப் புகுத்திக்கொள்கின்றன. நரம்பணுக்கள் தமக்குள் பரிமாறும் குளூட்டமேட் என்னும் செய்தியை, நினைவாற்றலுக்குத் துணைபுரியும் என்.எம்.டி.ஏ. ஏற்பி வழியாக அவை பற்றி வளர்கின்றன. வழக்கமான சோதனையில் 'ஏற்பி இல்லை' என்று குறிக்கப்படும் கட்டி உண்மையில் ஏற்பிகள் அற்றதன்று. சோதிக்கப்படும் மூன்று மட்டுமே அதில் இல்லை.

இதனினும் நுட்பமான சான்று கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அறவே இல்லாத மூவெதிர்மறை உயிரணுக்கள், எலியின் உடலில் ஈஸ்ட்ரோஜன் இருந்தபோது மூளையில் மிகுதியாகப் பரவின. ஏற்பி கட்டியில் இல்லை. அருகிலிருந்த ஆஸ்ட்ரோசைட்டில் இருந்தது. ஈஸ்ட்ரோஜனைப் பெற்ற ஆஸ்ட்ரோசைட், கட்டியை வளர்க்கும் புரதங்களைச் சுரந்தது. மூவெதிர்மறை நோய் இளம்பெண்களிடம் மிகுதி என்பதோடு சேர்த்து எண்ணத்தக்க முடிவு இது. எனினும் எலிகளிலிருந்து பெறப்பட்டது என்பதை மறத்தலாகாது.

மாறும் ஏற்பிகள்

ஏற்பிச் சோதனையின் முடிவு நோயாளியின் கோப்பில் ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால் பல ஆண்டுகளுக்கு அதுவே அவருடைய நோயின் பெயராக நிலைத்துவிடுகிறது. நிலம் விதையை மாற்றக்கூடியது எனில் இவ்வழக்கம் ஆபத்தானது. முதற்கட்டியையும் பரவிய கட்டியையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான பகுப்பாய்வு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் 20 விழுக்காடும், புரோஜெஸ்டிரான் ஏற்பியில் 33 விழுக்காடும், ஹெர்-2இல் 8 விழுக்காடும் முரண்பாடு இருப்பதைக் காட்டியது. இது அனைத்து உறுப்புகளுக்கும் பொதுவான கணக்கு. மூளைக் கட்டிகளில் ஹார்மோன் ஏற்பிகள் மறைவதும், ஹெர்-2 புதிதாகத் தோன்றுவதும் பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளன. முரண்பாட்டில் ஒரு பகுதி சோதனையின் பிழையாகவோ, கட்டியின் வேறு பகுதி சோதிக்கப்பட்டதாகவோ இருக்கலாம் என்பதும் உண்மையே.

பிரிசில்லா பிராஸ்டியனோஸ் குழுவினர் 2015இல் பல்வகைப் புற்றுநோய்களின் 86 மூளைக் கட்டிகளை அவற்றின் முதற்கட்டிகளுடன் மரபணு நிலையில் ஒப்பிட்டனர். 53 விழுக்காட்டினரிடம், சிகிச்சைக்கு வழிகாட்டத்தக்க மாற்றங்கள் மூளைக் கட்டியில் இருந்தன. முதற்கட்டியின் மாதிரியில் இல்லை. ஒரே நோயாளியின் மூளையில் வெவ்வேறு இடங்களிலிருந்த கட்டிகளோ தமக்குள் பெரிதும் ஒத்திருந்தன.

மரபணு மாறாமலே உயிரணு மாறுவதும் உண்டு. எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் டிஹுவா யூ குழுவினர் 2015இல் காட்டியது இது: ஆஸ்ட்ரோசைட்கள் வெளியிடும் நுண்பைகளிலுள்ள குறு ஆர்.என்.ஏ. துண்டுகள் புற்று உயிரணுவின் பிடென் என்னும் கட்டுப்பாட்டுப் புரதத்தை அடக்குகின்றன. பிடென், ஹெர்-2 அனுப்பும் செய்தியின் கடிவாளம். கடிவாளம் அறுந்தபின் ஏற்பியை மறித்தாலும் பயன் குறைவே. அதே உயிரணுக்களை மூளையிலிருந்து எடுத்து வெளியே வளர்த்தபோது பிடென் மீண்டும் தோன்றியது. ஆய்வகக் கிண்ணத்தில் மட்டும் இவ்வுயிரணுக்களைச் சோதிப்பவர் இக்குறைபாட்டை ஒருபோதும் கண்டிருக்க முடியாது.

மூளைக் கட்டியை அறுத்தெடுக்கும் தேவை நேரும்போது அத்திசுவில் மூன்று ஏற்பிகளையும் மீண்டும் சோதிப்பது இதனால் இன்றியமையாததாகிறது. அறுவை இயலாதவர்களிடம் இரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ.வைத் தேடலாம் எனினும், மூளைக் கட்டியின் டி.என்.ஏ. இரத்தத்தில் குறைவாகவே கலக்கிறது. மூளைத் தண்டுவட நீரில் அது மேலும் தெளிவாகக் கிடைப்பதை 2015இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. ஹெர்-2 மரபணுவின் பெருக்கத்தை அதில் காண இயலும். ஹார்மோன் ஏற்பிப் புரதத்தின் அளவைக் காண இயலாது.

மூளையை எட்டும் மருந்துகள்

நீண்ட காலமாகப் பெரும்பாலான மருந்துச் சோதனைகள் மூளைப் பரவல் உடையவர்களைச் சேர்க்காமல் விலக்கியே வந்தன. சான்று இல்லாமைக்கு இவ்வழக்கமும் ஒரு காரணம். ஹெர்-2கிளைம்ப் சோதனை இதனை மாற்றியது. ஏற்பியின் உட்பகுதியைத் தடுக்கும் சிறு மூலக்கூறாகிய டுகாட்டினிப், டிராஸ்டுசுமாப்புடனும் கேப்பசிட்டபினுடனும் சேர்த்து 612 பேரிடம் சோதிக்கப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மூளைப் பரவல் இருந்தது. அப்பிரிவில் ஓராண்டு முடிவில் நோய் முன்னேறாதிருந்தவர்கள் டுகாட்டினிப் குழுவில் 24.9 விழுக்காடு; ஒப்பீட்டுக் குழுவில் ஒருவரும் இல்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது.

சிறு மூலக்கூறு வென்றது தடுப்புக் கொள்கைக்குப் பொருந்துகிறது. அடுத்த வெற்றி அதற்குப் பொருந்தவில்லை. டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான், ஆன்டிபாடியுடன் நச்சுமருந்தைப் பிணைத்தது, டிராஸ்டுசுமாப்பைவிடவும் பெரியது. ஆயினும் 2024இல் வெளியான டெஸ்டினி-பிரெஸ்ட்12 சோதனையில், மூளைப் பரவல் உடைய 263 பேரில் 61.6 விழுக்காட்டினருக்கு ஓராண்டு வரை நோய் முன்னேறவில்லை. மைய நரம்பு மண்டலக் கட்டிகள் 71.7 விழுக்காட்டினரிடம் குறிப்பிடத்தக்க அளவு சுருங்கின. கசியும் இடங்களின் வழியே நுழையும் சிறிதளவு மருந்தும், தான் கொல்லும் உயிரணுவின் அண்டை உயிரணுக்களுக்கும் நஞ்சைப் பரப்புவதால் பயன்தருகிறது என்று கருதப்படுகிறது. மருந்தின் உருவளவைவிட, உள்ளே சென்ற ஒவ்வொரு மூலக்கூறும் என்ன செய்கிறது என்பதே பெரிதாகிறது. ஆனால் இவை படத்தில் தெரியுமளவு வளர்ந்த, கசியும் கட்டிகள். தடுப்பு சிதையாத நுண்கட்டிகளை இம்மருந்து தடுக்குமா என்பது வேறு வினா.

மூவெதிர்மறை வகையின் நிலை இதனோடு ஒப்பிடத்தக்கதன்று. டிராப்-2 புரதத்தைத் தாக்கும் சாசிடுசுமாப் கோவிட்டிகான் இவ்வகையில் வாழ்நாளை நீட்டியதாயினும், அச்சோதனையில் இடம்பெற்ற மூளைப் பரவல் உடைய சிறு குழுவில் தெளிவான ஆதாயம் தென்படவில்லை. பற்றுவதற்கு ஏற்பி இல்லாமையின் விலை மூளையில்தான் மிகக் கடுமையாக உணரப்படுகிறது. மூளைப் பரவலுக்குப் பின் எஞ்சும் வாழ்நாளை மதிப்பிட பால் ஸ்பெர்டுட்டோ குழுவினர் 2012இல் வகுத்த அளவுகோலில் வயது, உடல் நிலை ஆகியவற்றுடன் ஏற்பி வகையும் இடம்பெற்றது. அதன் கடைநிலைப் பிரிவினர் வாழ்ந்த இடைநிலைக் காலம் 3.4 மாதம்; முதல்நிலைப் பிரிவினர் 25.3 மாதம்.

எப்போது படம் எடுப்பது?

ஏற்பி முன்னறிவிக்கிறது எனில், அறிகுறி தோன்றும் முன்பே மூளையைப் படம் எடுத்துப் பார்க்கலாமே என்னும் வினா இயல்பாக எழுகிறது. தொடக்க நிலை நோயில் இதனை எவரும் பரிந்துரைப்பதில்லை. ஹார்மோன் ஏற்பி வகையில் ஆபத்து குறைவாதலால் வாதமும் இல்லை. ஹெர்-2 வகையிலும் மூவெதிர்மறை வகையிலும் நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியபின் நிலைமை வேறு. அங்கு மூன்றிலொருவர் முதல் இருவரிலொருவர் வரை மூளைப் பரவலுக்கு உள்ளாகக்கூடும். ஒன்றிரண்டு சிறு கட்டிகளாக இருக்கும்போது கண்டால் குறியிலக்குக் கதிர்வீச்சு போதும். பலவாகப் பெருகியபின் முழுமூளைக் கதிர்வீச்சு தேவைப்படலாம், அது நினைவாற்றலைப் பாதிக்கக்கூடியது. முன்கூட்டிக் காண்பது வாழ்நாளை நீட்டும் என்பதற்கோ உறுதியான சான்று இல்லை. அதனால் அறிகுறியற்றவர்களுக்கு வழக்கமாகப் படம் எடுக்குமாறு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் ஹெர்-2 வழிகாட்டுதல் கூறவில்லை. சிறு அறிகுறி தோன்றினாலும் தயங்காமல் எடுக்குமாறு கூறுகிறது.

தொடர் தலைவலி, காலையில் வாந்தி, நடையில் தள்ளாட்டம், ஒரு கை தளர்தல், பேச்சில் தடுமாற்றம், வலிப்பு ஆகியவை அத்தகைய அறிகுறிகள். இவற்றுள் சிலவற்றை மருந்தின் பக்கவிளைவாகவோ சோர்வாகவோ கொள்வது எளிது. பெண்டெல் குழுவினரின் நோயாளிகளுள் பாதிப்பேரின் உடலில் நோய் கட்டுக்குள் இருந்தபோதே மூளை தாக்கப்பட்டது. ஆகவே ஹெர்-2 நேர்மறைப் பரவல் நோய் உடைய ஒருவர் தலைவலி என்று கூறும்போது, மார்பும் வயிறும் எடுத்த அண்மைப் படங்கள் தெளிவாக இருப்பது மூளைப் படத்தைத் தள்ளிவைக்கக் காரணமாகாது.